இன்று யார் பாடு?

பி.காம். இரண்டாம் வருஷத்தில் எங்களுக்கு மேனேஜ்மென்ட் என்று ஒரு பேப்பர் உண்டு. பிளானிங், ஆர்கனைஸிங், ஸ்டாஃபிங், டைரக்டிங், கன்ட்ரோலிங். ஐந்தையும் ஐந்து விரல் மாதிரி மடக்கி மடக்கி மனப்பாடம் செய்தேன். அதில் 'டைரக்டிங்' என்றால் என்ன என்று பத்து மார்க் கேள்வி கட்டாயம் வரும். நானும் நாலு பக்கம் எழுதி பாஸாகிவிட்டேன். அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இதுவரை யாரையும் டைரக்ட் செய்ததில்லை. வீட்டில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் லைட்டை நிறுத்துகிறார்கள். அவ்வளவுதான் நம் அதிகாரம்.

அந்தப் பத்து மார்க் கேள்விக்குச் சரியான விடை, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டில்தான் கிடைத்தது. மணலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. சொல்லிக் கொடுத்தது இரண்டு பேர். ஒருவர் இறால் பிடிக்கிற பெரியவர். இன்னொருத்தி என் பெரியக்கா.

அக்கா நர்ஸ். 'நர்ஸாக இருந்தாள்' என்று சொல்ல வேண்டும். போன வருஷம்தான் ரிடையர் ஆனாள். எனக்கும் அவளுக்கும் பதினாலு வயசு வித்தியாசம். ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, கடைசி பத்து வருஷம் சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் வார்டு பொறுப்பில் இருந்தாள். பெயர் வேண்டாம். அவள் கீழே முப்பது நர்ஸுகள்.

சின்ன வயசில் எனக்கு ஒரு எண்ணம். பெரிய நர்ஸ் என்றால் பெரிய ஊசி போடுகிறவர். அக்கா பொறுப்புக்கு வந்தபிறகுதான் தெரிந்தது, அவள் கையில் ஊசியே இல்லை. இருந்தது நீளமான ஒரு காக்கி அட்டை நோட்டு. டூட்டி லிஸ்ட் நோட்டு. மாதக் கடைசி வந்தால் போதும், அக்கா வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். "சிஸ்டர், பதினஞ்சாம் தேதி தங்கச்சி நிச்சயதார்த்தம், நைட் மாத்திக் குடுங்க." "சிஸ்டர், பையனுக்குப் பரீட்சை." "சிஸ்டர், போன மாசமும் எனக்குத்தானே ஞாயித்துக்கிழமை!" அக்கா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்துவிடுவாள். வெளியே வரும்போது ஏதோ சொத்துப் பிரித்துக் கொடுத்த மாதிரி முகம் இருக்கும்.

பொன்னேரி தாண்டிக் கார் போய்க்கொண்டிருந்தபோது கேட்டேன். "ஏன்க்கா, ஒரு லிஸ்ட் போடறது அவ்ளோ கஷ்டமா?"

"நீதான் பி.காம். ஆச்சே, கணக்குப் போடு" என்றாள்.

போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வேண்டும். மூன்று நர்ஸ். காலை எட்டிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து இரவு எட்டு, எட்டிலிருந்து மறுநாள் காலை எட்டு. ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட், வாரத்துக்கு 21. மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஏழு. வாரத்துக்கு நாளும் ஏழுதான். ஆக, லீவே கிடையாது. மணிக்கணக்கில் பார்த்தால் வாரத்துக்கு 168 மணி நேரம்; ஆளுக்கு 56. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மீதி இரண்டு பேருக்கும் 84. ஒருத்திக்குப் பிரசவ லீவ் என்றால்? கணக்கு அங்கேயே படுத்துவிடும்.

"இதுக்குத்தான் லீவ் ரிசர்வ்னு 30 சதவீதம் ஆள் கூடுதலா வேணும்னு இண்டியன் நர்ஸிங் கவுன்சில் சொல்லுது. சாதாரண ஆஸ்பத்திரியில அஞ்சு நோயாளிக்கு ஒரு நர்ஸ், டீச்சிங் ஆஸ்பத்திரியில மூணு பேருக்கு ஒரு நர்ஸ்னும் சொல்லுது. பேப்பர்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா.

எனக்குப் பழைய பாடப்புத்தகம் ஞாபகம் வந்தது. ஹென்றி ஃபயோல் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். சுரங்க இன்ஜினீயர். 1916-ல் நிர்வாகத்துக்குப் பதினாலு கொள்கைகள் எழுதினார். அதில் ஒன்று, ஒரு ஊழியருக்கு ஒரே ஒரு அதிகாரி. அதைச் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டாள்.

"எங்க பொண்ணுங்களுக்கு எத்தனை அதிகாரி தெரியுமா? டாக்டர் ஒண்ணு சொல்வாரு. நான் ஒண்ணு சொல்வேன். சூப்பரிண்டென்டென்ட் ரவுண்ட்ஸ் வந்து ஒண்ணு சொல்வாங்க. நோயாளியோட மச்சான் வாசல்ல நின்னு ஒண்ணு சொல்வாரு. அவரு சத்தம்தான் பெருசா இருக்கும். இத்தனைக்கும் நடுவுல அந்தப் பொண்ணு டிரிப் ஓடுதான்னு பார்க்கணும்."

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-லேயே நர்ஸ் பயிற்சி தொடங்கிவிட்டது. ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் சண்டை என்னவோ டூட்டி லிஸ்ட்டில்தான் நிற்கிறது.

★ ★ ★

பழவேற்காட்டுக்கு அக்கா வர ஆசைப்பட்டதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது இந்தக் கடலோரக் குப்பங்களும் அடிபட்டன. அந்த வாரம் மருத்துவ முகாமுக்கென்று அனுப்பப்பட்ட நர்ஸுகளில் அக்காவும் ஒருத்தி. ஆறு பேர். ஒரு பள்ளிக்கூட வராந்தா. மேலதிகாரி யாரும் கூட இல்லை. ராத்திரி பாயில் வட்டமாக உட்கார்ந்து, யார் எப்போது தூங்குவது என்று அவர்களே பேசி முடிவு செய்துகொண்டார்களாம். "நாப்பது வருஷ சர்வீஸ்ல சண்டையே இல்லாத ஒரு டூட்டி லிஸ்ட்னா அதுதான்" என்பாள். சர்வீஸ் முப்பத்தைந்து வருஷம்தான். நான் திருத்தவில்லை.

ஏரி அப்படியே இருந்தது. தூரத்தில் பூநாரைகள் ரோஸ் நிறத்தில் ஒரு கோடாக நின்றன. சில்கா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி இது. பெரும்பகுதி ஆந்திராவில். நம் பக்கம் கொஞ்சம்தான். ஆனால் ஏரி கடலைத் தொடுகிற பழவேற்காடு முகத்துவாரம் நம் பக்கம். மீனும் இறாலும் போகவும் வரவும் அதுதான் வாசல்.

கரையில் ஒரு பெரியவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஏரியில் சிலர் வலை கட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் நிதானமாக உட்கார்ந்திருக்கிறாரே என்று, "நீங்க போகலியா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு எங்க பாடு இல்ல சார்" என்றார்.

பாடு என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் கஷ்டம். 'என்ன பாடு படுத்துகிறான்' என்போம். 'அவன் பாட்டுக்குப் போகிறான்' என்றும் சொல்வோம். இங்கே பாடு என்பது வலை கட்டும் இடம். அந்த இடத்தில் வலை கட்டும் முறையும் அதுதான். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்ற மூன்று ஊர்களுக்கும் இறால் வலை கட்டப் பரம்பரையாக முறை வைத்திருக்கிறார்கள். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 1991-ல் இந்த முறையைப்பற்றி ஒரு ஆய்வறிக்கையே வெளியிட்டது. இலங்கையில் நீர்க்கொழும்புக் களப்பிலும் இதே மாதிரி குலுக்கல் முறை உண்டு.

பெரியவர் விளக்கினார். "இன்னிக்கு ஒரு ஊரு, நாளைக்கு ஒரு ஊரு. ஊருக்குள்ள எவன் எந்த எடத்துல கட்டறதுன்னு குலுக்கிப் போட்டு எடுப்போம். எல்லா எடமும் ஒண்ணு கெடையாது சார். ஒரு எடத்துல கூடை கூடையா விழும். ஒரு எடத்துல கைக்குழம்புக்குக்கூட ஆவாது."

அக்கா அதுவரை பூநாரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்பினாள். "பேரு எழுதறது யாரு?"

"யாரு எழுதினா இன்னாம்மா? எல்லாரும் பாக்கத்தானே எடுக்கறோம். எனக்கு மோசமான எடம் வந்தாக்கா எவன் மேலயும் கோவப்பட முடியாது. சீட்டு மேலதான் கோவப்படணும்."

"பெரிய ஆளுங்களுக்கு?"

"அவருக்கும் சீட்டுதாம்மா. தண்ணிக்குப் பெரிய ஆளு, சின்ன ஆளு தெரியுமா?"

அக்கா அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்து போனாள். எனக்கு அவளைத் தெரியும். மனசில் ஏதாவது தைத்தால் நடப்பாள்.

★ ★ ★

மீன் வறுத்துக் கொடுக்கும் ஒரு கடையில் உட்கார்ந்தோம். தட்டில் மீன் ஆறிக்கொண்டிருந்தது. அக்கா அதைத் தொடவில்லை. தானாகவே பேச ஆரம்பித்தாள்.

ரிடையர் ஆவதற்கு நாலைந்து வருஷம் முன்னால் நடந்தது. அவள் வார்டில் ஒரு சின்னப் பெண். தொகுப்பூதியத்தில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. வாயே திறக்காது. பத்து நாள் நைட் முடித்திருந்தாள். அடுத்து நைட் வரவேண்டிய இன்னொரு நர்ஸ் திடீரென்று லீவ். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு பென்சிலை எடுத்தாள்.

"யாரைப் போட்டாலும் சண்டைக்கு வருவாங்க. ஒருத்திக்குக் கைக்குழந்தை. ஒருத்திக்கு மாமியார் படுத்த படுக்கை. ஒருத்திக்குச் சங்கம். இந்தப் பொண்ணு மட்டும்தான் ஒண்ணும் கேக்காது. அதனால இன்னும் ஏழு நைட் அதுக்கே போட்டேன்."

பத்தும் ஏழும் பதினேழு. பன்னிரண்டு மணி நேர நைட். 204 மணி நேரம். நான் வாயால் சொல்லவில்லை. மனசுக்குள் போட்ட கணக்கு.

பதினேழாவது இரவு. சர்க்கரை நோயாளி ஒருவருக்கு 20 யூனிட் இன்சுலின். வார்டில் இருக்கும் பாட்டில்கள் எல்லாம் 40. அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. இவர் வெளியிலிருந்து வாங்கி வந்து வைத்திருந்தது 100. அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச்தான் போட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் அந்தப் பெண் கை பழக்கமாகச் சிவப்பு மூடியை எடுத்துவிட்டது. 20 என்ற கோடு வரைக்கும் சரியாகத்தான் இழுத்திருக்கிறாள். உள்ளே போனது 50 யூனிட்.

விடியற்காலை மூன்று மணிக்கு அவருக்கு உடம்பெல்லாம் தெப்பமாக வேர்த்து, பேச்சு குழறியது. அதைக் கவனித்ததும் அந்தப் பெண்தான். உடனே சர்க்கரை பார்த்து, டாக்டரைக் கூப்பிட்டு, குளுக்கோஸ் ஏற்றி, விடியும்வரை பக்கத்திலேயே நின்றதும் அவள்தான். ஆள் பிழைத்துக்கொண்டார். சிரிஞ்ச் மாறிப்போனதை மறைக்காமல் ரிப்போர்ட் புக்கில் எழுதியதும் அவள்தான்.

விசாரணை வந்தது. ஏன் சிரிஞ்ச் மாறியது, ஏன் பாட்டிலைப் படிக்கவில்லை, ஏன் இன்னொருவரைக் கூப்பிட்டுச் சரிபார்க்கவில்லை. எல்லாமே நியாயமான கேள்விகள்.

"ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேக்கல. அது எத்தனாவது நைட்னு. அந்தப் பொண்ணும் சொல்லல. அதுக்குப் பதில் என் நோட்டுல இருந்துச்சு. நோட்டு என் டேபிள் டிராயர்ல இருந்துச்சு. நான் டிராயரைத் திறக்கல."

அந்தப் பெண்ணுக்கு மெமோ. மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

"அதுக்கப்புறம் நான் ரிடையர் ஆகறவரைக்கும் யாருக்கும் தொடர்ந்து ஏழு நைட்டுக்கு மேல போட்டதில்ல. ஆனா ஏன்னு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. சொன்னா, தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே. அந்தப் பெரியவர் என்ன சொன்னாரு? எல்லாரும் பாக்கத்தானே எடுக்கறோம்னு. நான் வருஷக்கணக்கா கதவைச் சாத்திக்கிட்டு எழுதியிருக்கேன்டா."

கடைக்காரம்மா வந்து, "ஏம்மா, மீனு நல்லா இல்லியா?" என்றார். அக்கா அவசரமாக ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

★ ★ ★

திரும்பும் வழியில் நான் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாக, "அப்ப ஆஸ்பத்திரியிலயும் குலுக்கிப் போட்டுட்டா பிரச்னை தீர்ந்தது" என்றேன்.

"உளறாதே. ரெண்டு புதுசு ஒரே நைட்ல வந்து விழுந்தா நோயாளி கதி என்ன? அனுபவம் இருக்கறவளையும் இல்லாதவளையும் சேர்த்துத்தான் போடணும். கர்ப்பமா இருக்கறவளை நைட்ல போடக் கூடாது. அதெல்லாம் சீட்டுக்குத் தெரியாது, பொறுப்புல இருக்கறவளுக்குத்தான் தெரியும். ஆனா 'இதனாலதான் இப்படிப் போட்டேன்'னு முப்பது பேர் முன்னாடி சொல்ல முடியணும். சொல்ல முடியாத லிஸ்ட்ல ஏதோ தப்பு இருக்குன்னு அர்த்தம்."

என் பத்து மார்க் கேள்விக்கு விடை இதுதான். பாடப்புத்தகத்தில் 'ஆணையிடுதல், வழிநடத்துதல், ஊக்கப்படுத்துதல்' என்று எழுதியிருந்தது. ஒரு வார்டில் ஆணையிடுவது பெரிய விஷயமில்லை. நோயாளியின் மச்சான்கூட அதைச் செய்கிறார். கஷ்டமான வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது, வாயில்லாதவர் தலையில் கட்டாமல் இருப்பதுதான் பெரிய விஷயம். அதற்கு அடுத்தது, கட்டிவிட்டால் விசாரணை நாளில் டிராயரைத் திறப்பது.

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றால் நமக்குக் கையில் விளக்கோடு ஒரு படம். அந்த அம்மாள் 1859-ல் நர்ஸிங்பற்றி எழுதிய புத்தகத்தில் சில்லறை நிர்வாகத்துக்கென்றே ஒரு அத்தியாயம் வைத்திருக்கிறார். நீ இருக்கும்போது நடப்பதெல்லாம் நீ இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்யாவிட்டால், நீ எவ்வளவு ஓடி ஓடி உழைத்தும் பிரயோஜனம் இல்லை என்பதுதான் அதன் சாரம். பதினேழாவது ராத்திரி மூன்று மணிக்கு அக்கா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்கியது தப்பில்லை. அவள் எழுதிய லிஸ்ட் அப்போது வார்டில் அவளுக்குப் பதிலாக வேலை செய்துகொண்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாடு முறையை ஒரேயடியாகக் கொண்டாடிவிட முடியாது. பட்டியலில் பெயர் உள்ள குடும்பங்களுக்குத்தான் அதில் இடம். அதே ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அந்தச் சீட்டில் பெயர் கிடையாது. உள்ளே இருப்பவர்களுக்கு நியாயம். வெளியே இருப்பவர்களுக்கு வேடிக்கை பார்க்கும் உரிமை. ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒரு கோடு உண்டு. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஆயிரக்கணக்கான செவிலியர்களைத் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்து பணி நிரந்தரம் கேட்டார்கள். நிரந்தரம் இல்லாதவர், 'எனக்கு ஏன் மறுபடியும் நைட்?' என்று எப்படிக் கேட்பார்? அக்காவின் வார்டில் அந்தப் பெண் வாய் திறக்காததற்குச் சுபாவம் மட்டும் காரணமில்லை.

கிளம்பும்போது அந்தப் பெரியவர் ஒன்று சொன்னார். முகத்துவாரம் மணல் மூடிக்கொள்கிறது, முன்னே மாதிரி இறால் இல்லை. "முறை இருக்குது சார். எறால் இல்லாட்டி முறைய வெச்சுக்கினு இன்னா பண்றது?" இது எல்லா டூட்டி லிஸ்ட்டுக்கும் பொருந்தும். நாலு பேர் செய்ய வேண்டியதை மூன்று பேருக்கு எவ்வளவு நியாயமாகப் பிரித்தாலும், ஒருத்தியின் தூக்கம் போகத்தான் போகிறது. பிரிக்கிறவர் நியாயமாகப் பிரிக்க வேண்டும். அந்த நாலாவது ஆளைப் போட வேண்டியது அவருக்கு மேலே இருப்பவரின் வேலை. இருப்பதை ஒழுங்காகப் பிரித்துவிட்டோம் என்பது, இல்லாததைக் கேட்காமல் இருக்கக் காரணம் ஆகாது.

நர்ஸிங் நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டில் அப்பா படுக்கையில் இருந்தால், ராத்திரி யார் கண் விழிப்பது என்று எப்படி முடிவாகிறது? எல்லாரும் பார்க்கப் பேசியா? அல்லது, யார் ஒன்றும் சொல்ல மாட்டார்களோ அவர்கள் தலையிலா? அந்த மருமகளுக்கோ, கல்யாணமாகாத தங்கைக்கோ இது எத்தனையாவது நைட் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அந்த வாரமே அக்கா பழைய நோட்டைத் தேடி எடுத்து, அந்தப் பெண்ணின் நம்பருக்கு போன் செய்தாள். பழைய நம்பர்தான், எடுத்தாள். அக்கா எல்லாவற்றையும் சொன்னாளாம். டிராயர் வரைக்கும். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

"இப்ப எதுக்கு சிஸ்டர் இதெல்லாம்?" என்று கேட்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, "நைட் முடிச்சு இப்பதான் வந்தேன். அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை. அக்கா திரும்பக் கூப்பிடவும் இல்லை. "என் முறை முடிஞ்சுதுடா. இனிமே அவ முறை" என்கிறாள். போன் அடித்தால் மட்டும் அடுப்படியிலிருந்து ஓடி வருகிறாள்.

காத்திருப்பது இனி அவள் பாடு.